ஃபேஸ்புக்கைப் பூட்டியாகிவிட்டது, இனி என்ன?

கேள்வி: வாடிக்கையாளர் சேவை நிறுவனம் ஒன்றில் மேலாளராக இருக்கிறேன். என் பொறுப்பில் நாற்பது பேர். மின்னஞ்சலிலும் சாட்டிலும் வரும் புகார்களைத் தீர்த்துவைப்பதுதான் எங்கள் வேலை. வேலை நேரத்தில் எல்லோரும் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் என்று கிடக்கிறார்கள் என்று சொல்லி, சில மாதங்களுக்கு முன்பு நிர்வாக இயக்குநர் அலுவலக இணையத்தில் சமூக வலைத்தளங்கள் அத்தனையையும் முடக்கச் சொன்னார். முடக்கினோம். வேலை ஒன்றும் கூடவில்லை. கலகலப்புதான் போய்விட்டது. நன்றாக வேலை பார்த்த இருவர் விலகியும் விட்டார்கள். உற்சாகப்படுத்தலாமே என்று நான் ஒரு வாட்ஸ்அப் குழு தொடங்கினேன். தினமும் காலையில் ஊக்கமூட்டும் வாசகம் போடுகிறேன். வாரம் ஒருவரை ‘வார நட்சத்திரம்’ என்று அறிவிக்கிறேன். பதிலுக்குக் கட்டைவிரல் குறி மட்டும் வருகிறது. இப்போது இயக்குநர், எல்லோருடைய கணினித் திரையையும் சில நிமிடங்களுக்கு ஒருமுறை படம்பிடிக்கும் மென்பொருளை வாங்கலாம் என்கிறார். இதற்கிடையில் ஓர் ஊழியர், ‘எங்கள் ஆபீஸில் மூச்சு விடவும் அப்ரூவல் வேண்டும்’ என்று ஃபேஸ்புக்கில் எழுதிவிட்டார். அவரை நீக்கிவிடு என்று எனக்கு உத்தரவு. இன்னொருவர் தன் லிங்க்ட்இன் (வேலை, தொழில் தொடர்புகளுக்கான வலைத்தளம்) பக்கத்தைப் புதுப்பித்திருக்கிறார். அவரும் போய்விடுவாரோ என்று பயமாக இருக்கிறது. என்ன செய்வது?

பதில்: முடிவுகளை முதலில் சொல்லிவிடுகிறேன், காரணங்கள் பிறகு. திரையைப் படம்பிடிக்கும் மென்பொருள் வேண்டாம். ஃபேஸ்புக்கில் எழுதியவரை நீக்க வேண்டாம். காலை வாசகங்களை இன்றோடு நிறுத்திவிடுங்கள். லிங்க்ட்இன் பக்கத்தைப் புதுப்பித்தவரிடம் பேசுங்கள், ஆனால் லிங்க்ட்இன் பேச்சை எடுக்காதீர்கள். முடக்கிய தளங்களைத் திறந்துவிடலாம். அதற்கு இயக்குநரை எப்படிச் சம்மதிக்க வைப்பது என்பதைக் கடைசியில் பார்ப்போம்.

உங்கள் இயக்குநரின் கவலையில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். வேலைக்கு நடுவே கவனம் சிதறுவதற்கு விலை உண்டு. ஒரு வேலையைப் பாதியில் விட்டு இன்னொன்றுக்குத் தாவும்போது, மனத்தின் ஒரு பகுதி பழைய வேலையிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று சோஃபி லெராய் 2009இல் வெளியான ஆய்வில் காட்டினார். அதற்கு முந்தைய ஆண்டு குளோரியா மார்க்கும் அவருடைய சகாக்களும் வேறொன்றைக் கண்டார்கள். குறுக்கீடுகளுக்கு நடுவே வேலை பார்த்தவர்கள் அதைச் சீக்கிரமாகவே முடித்தார்கள், தரமும் குறையவில்லை. ஆனால் எரிச்சலும் அழுத்தமும் கூடியிருந்தன. இழந்த நேரத்தை ஈடுகட்ட அவர்களாகவே வேகத்தைக் கூட்டிக்கொண்டார்கள், அதன் வலியையும் சுமந்தார்கள். உங்கள் அலுவலகத்தில் உற்பத்தி எண்கள் மாறாமல் இருந்ததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். ஃபேஸ்புக் இருந்தபோதும் வேலையை முடித்தார்கள், இல்லாதபோதும் முடிக்கிறார்கள். எண்ணிக்கையை மட்டும் பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுதான்.

அந்தக் குறுக்கீடுகளில் எத்தனை ஃபேஸ்புக்கிலிருந்து வருகின்றன என்று யாராவது பார்த்தீர்களா? ஒரு நாள் முழுக்க ஓர் ஊழியரின் அருகில் உட்கார்ந்து பாருங்கள் (அவர் சம்மதத்தோடு). உள் சாட்டில் ‘ஒரு நிமிஷம்’ என்று வரும் செய்தி, எல்லோரையும் சேர்த்து அனுப்பப்படும் மின்னஞ்சல், ‘அந்த ரிப்போர்ட் எங்கே’ என்று உங்களிடமிருந்தே போகும் கேள்வி, திடீர் மீட்டிங். குறுக்கீட்டின் பெரும்பங்கை அலுவலகமே தயாரிக்கிறது என்பதுதான் நான் பார்த்த பெரும்பாலான இடங்களின் நிலைமை. அதை முடக்க யாரும் மென்பொருள் வாங்குவதில்லை.

அப்புறம், எல்லோர் பையிலும் ஒரு போன் இருக்கிறது, அதில் டேட்டாவும் இருக்கிறது. நீங்கள் முடக்கியது அலுவலக இணையத்தைத்தான். முன்பு கணினியில் ஒரு ஜன்னலாகத் திறந்திருந்தது இப்போது மேசைக்கு அடியில், மடியில் திறந்திருக்கிறது. கழிப்பறை இடைவேளைகள் நீண்டிருக்கும். முன்பு, ‘இதைப் பாரேன்’ என்று பக்கத்து இருக்கையைக் கூப்பிட்டு ஒரு வீடியோவைக் காட்டிச் சிரித்தவர்கள் இப்போது தனித்தனியாகச் சிரிக்கிறார்கள். கலகலப்பு போய்விட்டது என்கிறீர்களே, அது போன வழி இதுதான். போதாததற்கு, ஒரு சுதந்திரத்தைப் பறித்தால் அதன்மேல் மனிதருக்கு ஆசை கூடும். சமூக உளவியலில் ஜாக் பிரெம் 1966இலேயே இதை ஒரு கோட்பாடாக எழுதி வைத்துவிட்டார்.

‘அளவாகச் சமூக வலைத்தளம் பார்ப்பவர்கள் நன்றாக வேலை செய்கிறார்கள்’ என்று எதிர்ப்பக்கம் வாதாடுகிறவர்களும் உண்டு. மெல்போர்ன் பல்கலைக்கழகத்தின் பிரென்ட் கோக்கர் 2009இல் சொன்னதை எடுத்துக்காட்டுவார்கள். வேலை நேரத்தில் 20 சதவீதத்துக்குள் இணையத்தில் உலாவுகிறவர்களின் உற்பத்தித்திறன், உலாவாதவர்களைவிட சுமார் 9 சதவீதம் அதிகம் என்பது அது. பத்திரிகைகளுக்கு அல்வா மாதிரியான செய்தி. இயக்குநரிடம் இதை நீட்டாதீர்கள். நன்றாக வேலை செய்பவருக்குத்தான் அளவாக நிறுத்தவும் தெரிகிறது என்று அவர் திருப்பிக் கேட்டால் உங்களிடம் பதில் இருக்காது. சின்ன இடைவேளை மனிதருக்குத் தேவை, அதை ஒருவர் ஜன்னல் வழியாகப் பார்த்துக் கழிக்கலாம், இன்னொருவர் இன்ஸ்டாகிராமில் கழிக்கலாம். அவ்வளவு சொன்னால் போதும்.

உங்கள் கடிதத்தில் நீங்கள் கேட்காமல் விட்ட கேள்விதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. அவர்கள் எதற்காக அந்தத் தளங்களுக்குப் போகிறார்கள்?

உங்கள் குழுவில் ஒருவரின் காலை நேரத்தைக் கற்பனை செய்து பார்க்கிறேன். டிக்கெட் (ஒரு புகாரின் பதிவு) திறக்கிறது. ஒரு வாடிக்கையாளருக்கு ஒரே மாதத்துக்கு இரண்டு முறை கட்டணம் பிடித்துவிட்டார்கள். அவர் கோபமாக எழுதியிருக்கிறார். உங்கள் ஊழியர் பழைய பில்களைத் திறந்து பார்க்கிறார், தவறு எங்கே என்று கண்டுபிடிக்கிறார், பணத்தைத் திருப்பித் தரக் கோரிக்கை போடுகிறார், மேலதிகாரியின் ஒப்புதலுக்குக் காத்திருக்கிறார், ஒப்புதல் வந்ததும் மன்னிப்பு கேட்டு ஒரு பதில் எழுதுகிறார், டிக்கெட்டை மூடுகிறார். திரையில் என்ன வருகிறது? அடுத்த டிக்கெட். அதிலும் இரட்டைக் கட்டணம். மூடுகிறார். அடுத்தது. மாலையில் அவருக்குக் கிடைப்பது ஒரு வரி: இத்தனை டிக்கெட் மூடப்பட்டது, சராசரி நேரம் இத்தனை நிமிடம். அந்த வாடிக்கையாளருக்குப் பணம் போய்ச் சேர்ந்ததா, கோபம் தணிந்ததா, இரட்டைக் கட்டணம் விழுவதை யாராவது சரிசெய்தார்களா, எதுவும் அவருக்குத் தெரியாது. நாளைக்கும் இதே.

அதே ஆள் மதிய இடைவேளையில் வீட்டுப் பூந்தொட்டியின் படம் ஒன்றைப் போடுகிறார். ஒரு நிமிடத்துக்குள் ஆறு பேர் விருப்பக்குறி இடுகிறார்கள். ஒருவர், ‘என்ன உரம் போடுறீங்க’ என்று கேட்கிறார். செய்த ஒன்றை யாரோ பார்த்தார்கள், பதில் வந்தது, பேச்சு வளர்ந்தது. காலையிலிருந்து அவர் செய்த எந்த வேலைக்கும் இது கிடைக்கவில்லை.

வேலையின் அமைப்பே ஒருவரை உந்தித் தள்ளும் அல்லது தூங்க வைக்கும் என்று ஹேக்மன், ஓல்டம் இருவரும் 1976இல் ஒரு மாதிரியை வகுத்தார்கள். பலவகைத் திறமைகளைப் பயன்படுத்த இடம் உண்டா, ஒரு வேலையைத் தொடக்கத்திலிருந்து முடிவுவரை பார்க்க முடிகிறதா, அது யாருக்காவது பயன்படுகிறதா, முடிவெடுக்கும் உரிமை உண்டா, செய்தது எப்படி இருந்தது என்று வேலையிலிருந்தே தெரிகிறதா. இந்த ஐந்தையும் வைத்து மேலே சொன்ன டிக்கெட்டை மறுபடி பாருங்கள். பயன் இருக்கிறது, ஆனால் கண்ணுக்குத் தெரிவதில்லை. மற்றவை அரைகுறை.

தெரிசா அமபிலேயும் ஸ்டீவன் கிரேமரும் 7 நிறுவனங்களைச் சேர்ந்த 238 பேரைத் தினமும் நாட்குறிப்பு எழுத வைத்தார்கள். ஏறக்குறைய 12,000 குறிப்புகள் சேர்ந்தன. நல்ல நாள் என்று மனிதர்கள் உணர்ந்த நாட்களில் அதிகமாகத் தென்பட்டது, அர்த்தமுள்ள ஒரு வேலையில் கொஞ்சமாவது முன்னேறியது. போனஸோ பாராட்டு விழாவோ அந்த இடத்தைப் பிடிக்கவில்லை. ஊழியரை எது ஊக்குவிக்கும் என்று மேலாளர்களைக் கேட்டபோது, முன்னேற்றத்துக்குத் துணை நிற்பதைக் கடைசி இடத்தில் வைத்தார்களாம். உங்கள் இயக்குநரிடமும் இதே கேள்வியைப் போட்டுப் பாருங்கள். பதில் எனக்கு இங்கிருந்தே கேட்கிறது.

செலவில்லாத வழி ஒன்று இருக்கிறது. பல்கலைக்கழக உதவித்தொகைக்காகத் தொலைபேசியில் நன்கொடை கேட்கும் கால் சென்டர் ஒன்றில் ஆடம் கிராண்டும் சகாக்களும் ஒரு சோதனை நடத்தினார்கள். 2007இல் வெளியானது. அந்த உதவித்தொகையில் படித்த ஒரு மாணவரை ஊழியர்கள் ஐந்து நிமிடம் சந்தித்துப் பேசினார்கள், அவ்வளவுதான். ஒரு மாதம் கழித்துப் பார்த்தபோது அவர்கள் தொலைபேசியில் பேசிய நேரம் 142 சதவீதமும் திரட்டிய பணம் 171 சதவீதமும் கூடியிருந்தன. உங்கள் அலுவலகத்தில் இதே எண்கள் வரும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். ஆனால் வாரம் ஒருமுறை, மூடிய டிக்கெட்டுகளில் இரண்டை எடுத்து அந்த வாடிக்கையாளரை அழைத்து என்ன ஆயிற்று என்று கேளுங்கள். தீர்த்துவைத்த ஊழியரையே பேசச் சொன்னால் இன்னும் நல்லது. வாடிக்கையாளர் நன்றி சொல்லி எழுதும் பதில்கள் இப்போது எங்கே போகின்றன? பெரும்பாலும் டிக்கெட் மூடப்பட்டதால் யார் கண்ணிலும் படாமல் ஒரு பொதுப் பெட்டியில் விழுந்து கிடக்கும். அதை, புகாரைத் தீர்த்துவைத்த ஊழியருக்குத் திருப்பிவிட ஐடி ஆளுக்கு அரை நாள் வேலை.

அடுத்தது உரிமை. ஒரு குறிப்பிட்ட தொகைக்குள் பணத்தைத் திருப்பித் தர மேலதிகாரியின் ஒப்புதல் வேண்டாம் என்று சொல்லுங்கள். தொகையை நீங்களும் இயக்குநரும் முடிவு செய்யுங்கள், சிறியதாகவே தொடங்குங்கள். ஒரே தவறு திரும்பத் திரும்ப வந்தால், அதைக் கவனித்த ஊழியரே பில்லிங் குழுவிடம் நேரடியாகப் பேசட்டும். உங்கள் வழியாகப் போக வேண்டியதில்லை. இரட்டைக் கட்டணத்தைக் கண்டுபிடித்து நிறுத்தியவர் அவர்தான் என்று அவருக்கும் தெரியும், பக்கத்தில் இருப்பவருக்கும் தெரியும்.

ஃபேஸ்புக்கில் எழுதியவரின் வாக்கியத்தை இப்போது மறுபடி படியுங்கள். ‘மூச்சு விடவும் அப்ரூவல் வேண்டும்.’ உங்கள் நடைமுறையில் கோளாறு எங்கே இருக்கிறது என்று அந்த ஒரு வரியில் எழுதிவிட்டார். காசு கொடுத்து வைக்கும் ஆலோசகர்கள் முப்பது பக்கத்தில் எழுதுவார்கள்.

அவரை நீக்கினால் என்ன ஆகும் என்று பாருங்கள். மீதி முப்பத்தொன்பது பேரும் வாயை மூடிக்கொள்வார்கள். குறை இருக்கும், உங்கள் காதுக்கு வராது. சட்டச் சிக்கலும் உண்டு. நாட்டுக்கு நாடு சட்டம் வேறு, ஆகவே எந்த நடவடிக்கைக்கும் முன்னால் தொழிலாளர் சட்டம் தெரிந்த வழக்கறிஞரைக் கேட்டாக வேண்டும். உதாரணத்துக்கு அமெரிக்காவில், 1935ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று வேலைச் சூழல் பற்றி ஊழியர்கள் தங்களுக்குள் கூடிப் பேசுவதற்குப் பாதுகாப்பு தருகிறது. அந்தப் பேச்சு ஃபேஸ்புக்கில் நடந்தாலும் பாதுகாப்பு செல்லும் என்று அங்கே தீர்ப்புகள் வந்துள்ளன. தனி ஒருவரின் வெறும் புலம்பலுக்கு அது பொருந்தாது. வாடிக்கையாளரின் விவரத்தை வெளியிட்டாலோ, சக ஊழியரை இழிவுபடுத்தினாலோ கதை வேறு. உங்கள் ஆள் அப்படி எதுவும் செய்யவில்லை.

அவரைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசுங்கள். ‘ஏன் எழுதினீர்கள்’ என்று தொடங்காதீர்கள். ‘எந்த அப்ரூவல் உங்களை அதிகமாகப் படுத்துகிறது’ என்று தொடங்குங்கள். பதிவை அழிக்கச் சொல்லவும் வேண்டாம். குறை சரியானால் பெரும்பாலும் அவரே அழித்துவிடுவார். அழிக்காவிட்டாலும் சில நாளில் அது கீழே போய்விடும், சமூக வலைத்தளத்தின் இயல்பு அப்படி.

சரி, வாட்ஸ்அப் குழு. காலை ஏழு மணிக்கு, சூரியோதயப் படத்தின் மேல் எழுதிய ஒரு பொன்மொழி வந்து விழுகிறது. அனுப்பியவர் மேலாளர். பல் துலக்கிக்கொண்டிருக்கும் ஒருவர் பார்க்கிறார். பதில் போடாவிட்டால் கவனிப்பார்களோ என்று கட்டைவிரலை அழுத்திவிட்டு வாய் கொப்பளிக்கப் போகிறார். அந்தக் கட்டைவிரல், வருகைப் பதிவேட்டில் போடும் கையெழுத்து. அதை வைத்து உற்சாகத்தை அளக்க முடியாது. உங்கள் ஊழியர்களுக்கு நீங்கள் இல்லாத இன்னொரு குழு கட்டாயம் இருக்கும், உண்மையான பேச்சு அங்கேதான் நடக்கும். அது இருப்பதில் தவறில்லை. அதற்குள் போக முயலாதீர்கள்.

இன்னொரு சங்கடமும் இருக்கிறது. குழு ஓடுவது அவர்களுடைய சொந்த போனில். வேலை நேரத்தில் அவர்களுடைய சொந்த வாழ்க்கை உள்ளே வரக் கூடாது என்று ஃபேஸ்புக்கை முடக்கிவிட்டு, அவர்களுடைய சொந்த நேரத்துக்குள் அலுவலகத்தை வாட்ஸ்அப் வழியாக அனுப்புகிறீர்கள். இந்த முரண்பாடு அவர்கள் கண்ணில் படாமல் இருக்காது. வேலை நேரம் முடிந்தபின் தொடர்பில் இல்லாமல் இருக்கும் உரிமை சில நாடுகளில் சட்டமாகவே ஆகிவிட்டது. பிரான்சில் 2017 தொடக்கத்திலும் ஆஸ்திரேலியாவில் 2024 ஆகஸ்டிலும் நடைமுறைக்கு வந்தது. உங்கள் நாட்டில் சட்டம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், குழுவில் வேலை நேரத்துக்கு வெளியே எதுவும் வராது என்று நீங்களே ஒரு விதி வைக்கலாம்.

‘வார நட்சத்திரம்’ பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை. ஒருவருக்குக் கிடைக்கிறது, முப்பத்தொன்பது பேருக்குக் கிடைப்பதில்லை. மனிதர்கள் தங்களை மற்றவரோடு ஒப்பிட்டுத்தான் தங்கள் நிலையை அளக்கிறார்கள் என்று லியோன் ஃபெஸ்டிங்கர் 1954இல் எழுதினார். சமூக வலைத்தளங்களில் அடுத்தவர் சுற்றுலாப் படத்தைப் பார்த்து மனம் வாடுவதும் இந்த ஒப்பீட்டினால்தான். அதை நீங்களே வாரந்தோறும் அலுவலகத்துக்குள் நடத்துகிறீர்கள். எந்த அளவுகோலில் தேர்வு நடக்கிறது என்பதும் யாருக்கும் தெரியாது. மூடிய டிக்கெட்டின் எண்ணிக்கைதான் அளவுகோல் என்றால், சிக்கலான புகாரை அடுத்தவர் தலையில் தள்ளிவிட்டு எளிதானதாகப் பொறுக்கி எடுப்பவர் நட்சத்திரமாவார். மற்றவர்களுக்கு அது நன்றாகவே தெரியும்.

பாராட்டே கூடாது என்று சொல்லவில்லை. எட்வர்ட் டெசி 1971இல் வெளியிட்ட சோதனைகளில், புதிர்க்கட்டை அடுக்கும் மாணவர்களுக்குப் பணம் கொடுத்து நிறுத்தியபோது, அவர்களாக அதில் செலவிடும் நேரம் குறைந்தது. வாய்ப்பாராட்டு கிடைத்தவர்களிடம் அப்படிக் குறையவில்லை. ஆனால் பாராட்டு குறிப்பாக இருக்க வேண்டும், சூட்டோடு சூடாகச் சொல்ல வேண்டும். ‘சூப்பர், கலக்கிட்டீங்க’ என்பதை யார் வேண்டுமானாலும் சொல்லலாம். ‘நேற்று அந்த இரட்டைக் கட்டணப் புகாரில் முந்தைய மூன்று மாத பில்லையும் சேர்த்துப் பார்த்தீர்களே, அதனால்தான் அவருக்கு மூன்று மாதமாகவே அதிகம் பிடித்திருப்பது தெரிந்தது’ என்று சொல்ல, அந்த டிக்கெட்டை நீங்கள் படித்திருக்க வேண்டும். படித்தீர்கள் என்பதே அவருக்குப் பாதிப் பாராட்டு. இதை இருக்கை அருகே போய்ச் சொன்னால் போதும், குழுவில் போட வேண்டியதில்லை. எல்லோர் முன்னிலையிலும் புகழப்படுவதைக் கூச்சமாக நினைப்பவர்களும் இருக்கிறார்கள்.

குழுவைக் கலைத்துவிடலாமா என்றால், வேண்டாம், வேறு வேலைக்கு மாற்றுங்கள். அலுவலகத்துக்குள் சமூக வலைத்தளம் நடத்தும் ஆசை புதிதில்லை. யாமர் 2008இல் வந்தது, மைக்ரோசாஃப்ட் அதை 2012இல் 120 கோடி டாலருக்கு வாங்கியது. ஃபேஸ்புக் 2016இல் ‘வொர்க்பிளேஸ்’ என்று அலுவலகங்களுக்காகவே ஒன்றைத் தொடங்கி, 2024இல் அதை மூடப்போவதாக அறிவித்தது. கருவிகள் வரும், போகும். நான் பார்த்தவரையில் இந்தக் குழுக்கள் உயிரோடு இருப்பது ஒரே ஒரு பயன்பாட்டில்தான்: தெரியாததைக் கேட்பது. ‘இந்த மாதிரிப் புகாருக்கு யாராவது பதில் எழுதியிருக்கிறீர்களா’ என்று ஒருவர் கேட்க, மூன்று பேர் பதில் போட, அடுத்த முறை அதே கேள்வி வரும்போது பழைய பதிலைத் தேடி எடுக்க முடிய வேண்டும். இதற்கு வாட்ஸ்அப்பைவிட நிறுவனத்தின் உள் சாட் நல்லது, தேட முடியும், வீட்டுக்கும் வராது. முதல் கேள்வியை நீங்களே கேளுங்கள். உங்களுக்கு உண்மையிலேயே விடை தெரியாத கேள்வியாக இருக்கட்டும்.

இன்னொன்று, நீங்கள் எழுதவில்லை, ஆனால் பல நிறுவனங்களில் நடக்கிறது. நிறுவனத்தின் ஃபேஸ்புக் பதிவுகளுக்கு ஊழியர்கள் விருப்பக்குறி போட்டு, பகிரவும் வேண்டும் என்று கேட்பது. உங்களிடமும் அந்த வழக்கம் இருந்தால் நிறுத்திவிடுங்கள். கட்டாயத்தின் பேரில் வரும் விருப்பக்குறி வாடிக்கையாளருக்கும் தெரிந்துவிடும். ஊழியருக்குத் தன் நண்பர்கள் முன்னால் கூச்சம். அதேபோல, உங்கள் கீழ் வேலை பார்ப்பவர்களுக்கு நீங்களாக நட்பு அழைப்பு அனுப்பாதீர்கள். மறுக்க முடியாத அழைப்பு அது.

இனி, அந்த மென்பொருள். இயக்குநரிடம் சொல்வதற்கு ஒரு தொழிற்சாலைக் கதை தருகிறேன். ஈதன் பெர்ன்ஸ்டைன் 2012இல் வெளியிட்ட ஆய்வு, சீனாவில் ஒரு பெரிய செல்போன் தொழிற்சாலையில் நடந்தது. அங்கே யார் என்ன செய்கிறார்கள் என்று எந்த மூலையிலிருந்தும் பார்க்கும்படி தளம் திறந்து கிடந்தது. ஆய்வுக்காகத் தொழிலாளர்களோடு தொழிலாளர்களாகச் சேர்ந்த மாணவர்களுக்கு முதலில் ஓர் அதிசயம் தெரிந்தது. மேலாளர்கள் பார்க்கும்போது எல்லோரும் கையேட்டில் சொன்னபடி வேலை செய்கிறார்கள். பார்க்காதபோது, தாங்களே கண்டுபிடித்த வேகமான வழியில் செய்கிறார்கள். ஏமாற்ற இல்லை. வேகமான வழியை விளக்கிச் சொல்லி ஒப்புதல் வாங்குவது பெரும்பாடு என்பதால் மறைத்துவைத்தார்கள். பிறகு சில உற்பத்தி வரிசைகளைச் சுற்றித் திரைச்சீலை தொங்கவிட்டார்கள். அந்த வரிசைகளில் உற்பத்தி 10 முதல் 15 சதவீதம் உயர்ந்தது.

உங்கள் ஊழியர்களிடமும் அப்படிச் சொந்த வழிகள் இருக்கும். ஒரு சிக்கலான புகாரில் மாட்டிக்கொண்டால் பக்கத்தில் இருப்பவரிடம் எட்டிக் கேட்பது, பதில் எழுதும் முன் இரண்டு நிமிடம் வெறுமனே யோசிப்பது. சில நிமிடங்களுக்கு ஒருமுறை எடுக்கும் படத்தில் இவை சோம்பல் மாதிரியே தெரியும். வேலை நடப்பதுபோலக் காட்ட, மவுஸைத் தானாக அசைக்கும் கருவி கடையில் கிடைக்கிறது. மென்பொருள் வந்த முதல் வாரமே அதுவும் வந்துவிடும். படங்களை யார் உட்கார்ந்து பார்ப்பது? நாற்பது பேர், நாள் முழுக்க. அதற்கென்று ஒருவரை வேலைக்கு வைக்க வேண்டும், அல்லது நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

ருமேனியாவில் ஒரு தனியார் நிறுவனம், வாடிக்கையாளர்களோடு பேசத் தன் ஊழியர் ஒருவரை யாஹூ மெசஞ்சர் கணக்கு தொடங்கச் சொன்னது. பிறகு அதைக் கண்காணித்து, அவர் தன் சகோதரரோடும் மணமகளாக வரவிருந்தவரோடும் பேசியதை 45 பக்கத்துக்கு அச்செடுத்து, 2007இல் வேலையை விட்டு நீக்கியது. வழக்கு ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம்வரை போய், அவருடைய தனிவாழ்வுக்கான உரிமை பாதுகாக்கப்படவில்லை என்று 2017 செப்டம்பரில் தீர்ப்பானது. கண்காணிக்கவே கூடாது என்று நீதிமன்றம் சொல்லவில்லை. எதை, எவ்வளவு கண்காணிக்கிறோம் என்று முன்கூட்டியே ஊழியருக்குச் சொல்ல வேண்டும், அந்த அளவுக்குக் கண்காணிக்கக் காரணம் இருக்க வேண்டும், அதைவிடக் குறைவாகத் தலையிடும் வழி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்றது. அந்தத் தீர்ப்பு உங்கள் நாட்டைக் கட்டுப்படுத்தாமல் இருக்கலாம். அந்த மூன்று கேள்விகளை உங்கள் இயக்குநர் முன் வைக்க அது தடையில்லை.

மேற்பார்வை, அலுவலக விதிகள், சம்பளம் போன்றவை மோசமாக இருந்தால் அதிருப்தி வரும், நன்றாக இருந்தால் அதிருப்தி போகும், ஆனால் உற்சாகம் வருவது வேலையிலிருந்தே என்று ஃபிரெடெரிக் ஹெர்ஸ்பெர்க் 1959இல் சொன்னார். அவர் முறைமேல் பல விமர்சனங்கள் உண்டு. உங்கள் விஷயத்துக்கு அந்தப் பிரிவினை பொருந்துகிறது. ஃபேஸ்புக்கைத் திறந்துவிடுவதால் மட்டும் யாரும் துள்ளிக் குதித்து வேலை செய்யப் போவதில்லை. ஒரு கசப்பு நீங்கும். சம்பளத்தைப் பற்றி நீங்கள் ஒன்றுமே எழுதவில்லை. இதே வேலைக்கு மற்ற இடங்களில் தருவதைவிடக் குறைவாகத் தருகிறீர்கள் என்றால், நான் மேலே எழுதிய அத்தனையையும் ஓரமாக வைத்துவிட்டு முதலில் அதைக் கவனியுங்கள்.

லிங்க்ட்இன் பக்கத்தைப் புதுப்பிப்பது ராஜினாமாக் கடிதம் இல்லை. பயிற்சி ஒன்றை முடித்ததும் சேர்ப்பார்கள், பழைய நண்பர் ஒருவர் கேட்டதும் படத்தை மாற்றுவார்கள். நீங்கள் போய், ‘பக்கத்தைப் பார்த்தேன்’ என்றால், தன்னை வேவு பார்க்கிறார்கள் என்றுதான் அவருக்குத் தோன்றும். அதன்பின் போகும் எண்ணம் இல்லாவிட்டாலும் வந்துவிடும். வழக்கமான பேச்சின்போது, அடுத்த ஓராண்டில் என்ன கற்றுக்கொள்ள ஆசை, இப்போதைய வேலையில் எதை விட்டுவிட முடிந்தால் நன்றாக இருக்கும் என்று கேளுங்கள். அவரை மட்டும் கேட்டால் சந்தேகம் வரும், எல்லோரையும் கேளுங்கள். கேட்டபின் ஒன்றையாவது செய்ய முடியும் என்றால் மட்டும் கேளுங்கள்.

இயக்குநரிடம் என்ன சொல்வது? ‘திறந்துவிடுங்கள்’ என்று கேட்டால் மறுப்பார், அவருடைய முடிவு தவறு என்று ஒப்புக்கொள்ளச் சொல்வது போல ஆகும். ஒரு மாதச் சோதனை என்று கேளுங்கள். குழுவில் பாதிப் பேருக்கு மட்டும் தளங்களைத் திறந்துவிடுவது. கூடவே, காலையில் ஒன்றும் மதியத்துக்குப் பிறகு ஒன்றுமாக இரண்டு அமைதி நேரங்கள், அந்தப் பாதிக்குள்ளேயே பேசி முடிவு செய்துகொண்டவை. அந்த நேரத்தில் போன், உள் சாட், மீட்டிங் எதுவும் கிடையாது, உங்கள் ‘அந்த ரிப்போர்ட் எங்கே’யும் கிடையாது. மாத முடிவில் மூடிய டிக்கெட்டின் எண்ணிக்கையோடு இன்னொரு எண்ணையும் இரண்டு பாதிகளிலும் ஒப்பிட வேண்டும். மூடிய பிறகு அதே புகாரோடு திரும்பி வந்த வாடிக்கையாளர்கள் எத்தனை பேர். வேலை ஒழுங்காக நடக்கிறதா என்பதை அந்த எண் சொல்லும், கணினித் திரையைப் பிடித்த எந்தப் படமும் சொல்லாது. இருபது பேரில் ஒரு மாதம் பார்த்துப் பெரிய முடிவுக்கு வர முடியாதுதான், ஆனால் முடக்கும்போது இவ்வளவுகூடப் பார்க்கவில்லையே.

உண்மையிலேயே நாள் முழுக்கப் போனில் கிடக்கும் ஓரிருவர் இருக்கலாம். அவர்களைத் தனியே உட்கார வைத்து, அவர்களுடைய வேலையைக் காட்டிப் பேசுங்கள். அது மேலாளரின் வேலை. அதற்கு மென்பொருளோ பொது விதியோ தேவையில்லை.

விலகிப் போன இருவரிடம் யாராவது பேசினீர்களா? கிளம்பும் நாளில் ‘குடும்பக் காரணம்’ என்று எழுதிக் கொடுத்திருப்பார்கள். இப்போது அவர்களுக்கு உங்களிடம் மறைக்க ஒன்றுமில்லை. அழைத்துப் பேசுங்கள், நீங்களே பேசுங்கள். திரும்பி வரச் சொல்லாதீர்கள், போகத் தீர்மானித்தது எந்த நாள், அன்று என்ன நடந்தது என்று மட்டும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். இயக்குநரைப் பார்க்கப் போவதற்கு முன்பே அது உங்கள் கையில் இருக்கட்டும்.